கடையில் வைத்துவிட்டுப் போகும் போன்கள்

அன்புள்ள தம்பி,

அஸ்ஸலாமு அலைக்கும். உனக்குக் கடிதம் எழுதுவது எனக்குப் புதிது. நீ திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்தபோதுகூட எழுதியதெல்லாம் உன் அம்மாதான். கடைசியில் ஓர் ஓரமாக ‘அத்தா’ என்று போடுவது மட்டும் என் வேலை. இப்போது போனில் சொல்லிவிடலாம் என்றால் நீ எடுப்பதில்லை. நான் போட்டால் மட்டுமில்லை, யார் போட்டாலும் எடுப்பதில்லை என்று மருமகள் சொன்னாள். உன் மகளுக்குக் காய்ச்சல், வந்து கூட்டிப் போங்கள் என்று பள்ளியிலிருந்து கூப்பிட்டபோதும் போன் உன் கண்ணெதிரே அடித்து அடித்து ஓய்ந்ததாம். நீ அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் போனை எடுக்காமல் இரு, கோபம் என்று எடுத்துக்கொள்வேன். பெற்ற பிள்ளைக்காக அடிக்கிற போனை எடுக்க உனக்குக் கை வரவில்லை என்றால், அது நம் கடையில் அன்றைக்கு நடந்ததால்தான். அதை இனியும் பேசாமல் விட முடியாது. கொஞ்சம் நீளமாகத்தான் போகும். பேச ஆளில்லாத கிழவன், மாட்டியவனை விடமாட்டான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு படித்துவிடு.

முதலிலிருந்தே சொல்கிறேன். நீ பெங்களூருக்குப் போன பிறகு தொடங்கிய விஷயம், உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். நம் கடை முக்கில்தான் காலையில் பட்டாசுக் கம்பெனி வேன்கள் வந்து நிற்கும். ஒன்று ஏழாயிரம்பண்ணைக்கு, இன்னொன்று தாயில்பட்டிக்கு. கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வாசலில் தடவிப் பார்ப்பார்கள். இருந்தால் அன்றைக்கு வேலை கிடையாது, வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். அதேபோல நைலான், பாலியஸ்டர் கட்டிக்கொண்டும் உள்ளே போகக் கூடாது. அந்த விதியால்தான் சிவகாசியில் நம் பருத்திக் கடை ஓடுகிறது, அதனால் அவர்களுடைய விதிகளைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. ஒரு நாள் காலையில் நான் கடையைத் திறந்து தூசி தட்டிக்கொண்டிருந்தபோது முத்துமாரி ஓடி வந்தாள். நம்மிடம் வாடிக்கையாகச் சேலை எடுக்கிறவள், புருஷன் விட்டுப் போன பிறகு ஒற்றைப் பெண் பிள்ளையோடு தன் தம்பி வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவள். வேன்காரர் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தார். “மாமா, வீட்டுல வச்சிட்டு வர மறந்துட்டேன். சாயங்காலம் வாங்கிக்கிறேன், இங்கன கெடக்கட்டும்” என்று போனை மேசையில் போட்டுவிட்டு ஓடினாள். மறுநாள் மறதி எல்லாம் இல்லை, வேண்டுமென்றே கொண்டு வந்தாள். “வீட்டுல வச்சா பிள்ளை அதுலயே கெடக்கா மாமா. சோறு தண்ணி வேண்டாங்கா.” அவளைப் பார்த்து இன்னொருத்தி, இன்னொருத்தியைப் பார்த்து வேறொருத்தி. கடைசியில் சேலைப் பெட்டியின் அட்டை மூடிகளை எடுத்து, ஏழாயிரம்பண்ணை வேனுக்கு ஒன்று, தாயில்பட்டி வேனுக்கு ஒன்று என்று மேசையில் வைத்துவிட்டேன். எது யாருடையது என்று தெரிவதற்குப் போனின் பின்பக்கம் பட்டாசு லேபிள் ஒட்டிக்கொண்டார்கள். முத்துமாரியின் போனில் பச்சைக்கிளிப் படம்.

தொடக்கத்தில் அடித்தால் நான் எடுப்பதில்லை. பிறத்தியார் போன், நமக்கென்ன என்று துணி மடித்துக்கொண்டிருப்பேன். ஒரு மத்தியானம் கிளிப் போன் விடாமல் அடித்தது. யாருக்கு என்ன ஆபத்தோ என்று எடுத்தேன். “அம்மா?” என்றது ஒரு பிள்ளை. அம்மா வேலைக்குப் போயிருக்காக என்றேன். “நீங்க யாரு?” “துணிக்கடை.” “துணிக்கடையெல்லாம் பேசுமா?” அதுதான் முத்துமாரியின் மகள் ஹரிணி, அப்போது ஒன்றாம் வகுப்பு. பக்கத்தில் இருக்கிற அவளுடைய அத்தையின் போனிலிருந்து கூப்பிட்டிருக்கிறாள். எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. வாயில் வந்தது, “சாப்பிட்டயா?” என்பதுதான். கேட்ட பிறகு எனக்கே சிரிப்பு வந்தது. நீ விடுதியில் இருந்தபோது உன் அம்மா தினமும் சாயங்காலம் உன்னிடம் போனில் கேட்டது அதைத்தானே? வேறு கேள்வியே உனக்குத் தெரியாதா என்று நான் கிண்டல் செய்வேன். ஒரு நாள் அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. “அவன் என்ன சாப்பிட்டான்னு எனக்குத் தெரியாமலா இருக்கு? என்னைக்கும் அதே சாம்பாரு. அவன் வாயைத் திறக்கணும்ல, அதுக்குத்தான் கேக்கேன். நீங்க போனை எடுத்தா ‘அம்மா இல்லை, அப்புறம் பேசு’ன்னு வச்சிருவீக.” உண்மைதான், நான் அப்படித்தான் வைத்துவிடுவேன். நீ இப்போது என்னிடம் ‘மாத்திரை போட்டீகளா, சரி வைக்கிறேன்’ என்று முடித்துக்கொள்வதை எங்கே கற்றாய் என்று எனக்குத் தெரியும். விதைத்ததுதானே முளைக்கும்.

அதன்பிறகு எல்லாப் போனையும் எடுக்க ஆரம்பித்தேன். சாவி எங்கே வைத்தாள் என்று கேட்கிற புருஷன், ரேஷனில் சர்க்கரை போடுகிறார்கள் என்று சொல்ல அவசரப்படுகிற பக்கத்து வீடு, மருமகளைப் பற்றி மருமகளிடமே சொல்ல முடியாததை என்னிடம் கொட்டுகிற மாமியார். சாயங்காலம் வேன் வந்து நின்றதும் சேதிகளை வரிசையாக ஒப்பிப்பேன். நான் எதையும் தீர்த்து வைத்ததில்லை. இருக்காக, வருவாக, சொல்லிருதேன், சாப்பிட்டீகளா, அவ்வளவுதான். அதை நான் ஊருக்குச் செய்த தர்மம் என்று நினைத்துவிடாதே. உன் அம்மா மௌத்தாகி என்னைத் தனியாக விட்டுப் போன பிறகு மத்தியானத்தில் கடையில் உட்கார்ந்திருப்பது எப்படி இருந்தது என்று உனக்குச் சொன்னதே இல்லை. என் போன் அடித்தால் கேஸ் கம்பெனி, இல்லாவிட்டால் தவறான எண். தவறான எண்காரனிடம்கூட, பரவாயில்லை, எந்த ஊர் என்று பேச்சை வளர்க்கப் பார்ப்பேன். எனக்குக் குரல் வேண்டியிருந்தது. அதைக் கொண்டுவந்து தினமும் மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள் அந்தப் பெண்கள்.

உன் அம்மாவின் தேங்காய் எண்ணெய்ப் போத்தல் உனக்கு நினைவிருக்கும், கடைக்குப் பின்னால் குழாயடியில் இருக்குமே. சாயங்காலம் வேனிலிருந்து இறங்குகிறவர்களின் கையெல்லாம் அலுமினியப் பவுடர் அப்பி வெள்ளி பூசியது போல இருக்கும். வெறும் சோப்புக்குப் போகாது. எண்ணெயைத் தேய்த்துவிட்டுக் கழுவ வேண்டும். வீட்டுக்குப் போனதும் பிள்ளை ஓடி வந்து கட்டிக்கொள்ளுமே, அதற்கு முன்னால் கை சுத்தமாகட்டும் என்று அவள் வைத்த போத்தல் அது. அவள் போன பிறகு அது காலியாகிவிட்டது. எனக்கு அது கண்ணிலேயே படவில்லை. அவர்களும் யாரும் கேட்கவில்லை, சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு போனார்கள். ஒரு நாள் குழாயடிக்குப் போகிறேன், போத்தல் நிறைய எண்ணெய் இருக்கிறது. யார் ஊற்றியது என்று கேட்டால் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு தடவை முத்துமாரி கூடைக்குள் மறைத்து எண்ணெய் கொண்டு வந்ததைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன். அவள் அப்படிப்பட்டவள் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த வருடம் கோடை விடுமுறையில் அம்மா போன நாளில் ஓதுகிற வருஷ பாத்திஹாவுக்கு நீ மட்டும் வந்தாய். காலையில் வேன் நேரத்தில் கடைக்கு வந்து மூடிகளில் கிடந்த போன்களைப் பார்த்துவிட்டு, “என்னத்தா, கால் சென்டர் நடத்துறீகளா?” என்று சிரித்தாய். நீ சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது, அதனால் நானும் சேர்ந்து சிரித்தேன். அன்றைக்கு மத்தியான லுஹர் தொழுகைக்குப் போகும்போது உன்னை உட்காரவைத்துவிட்டுப் போனேன். இது ஏழாயிரம்பண்ணை மூடி, இது தாயில்பட்டி மூடி, அடித்தால் எடுத்து நல்லவிதமாக நாலு வார்த்தை பேசு, முதலில் சாப்பிட்டீர்களா என்று கேள், மற்றதெல்லாம் அவர்களே சொல்லிவிடுவார்கள் என்று சொன்னேன். தொழுது முடித்துச் செருப்பை மாட்டும்போது அந்தச் சத்தம் கேட்டது. இந்த ஊரில் பிறந்தவனுக்கு அது இடியா வெடியா என்று சொல்லித்தர வேண்டியதில்லை. தெருவில் போய்க்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் அப்படியே நின்றார்கள். தாயில்பட்டிப் பக்கம் என்று யாரோ சொன்னார்கள். நான் ஓடினேன்.

வாசலிலேயே நின்றுவிட்டேன் தம்பி. இரண்டு மூடியிலும் இருந்த போன்கள் எல்லாம் ஒன்றாக அடித்துக்கொண்டிருந்தன. நீ நடுவில் நின்றுகொண்டு கிளிப் போனைக் காதில் வைத்திருந்தாய். சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. ஆனால் குரல் மட்டும் நடுங்கவில்லை. “இங்க பாரு ஹரிணி, உங்கம்மா போனது ஏழாயிரம்பண்ணை வேனு. வெடிச்சது தாயில்பட்டியில. அம்மாவுக்கு ஒண்ணும் ஆகலை, சாயங்காலம் வந்துருவாக. நீ சாப்பிட்டயா? தட்டை எடு. தயிர் ஊத்திக்கோ. நான் லைன்லயே இருக்கேன், ஒவ்வொரு வாயா சாப்பிட்டுச் சொல்லு.” நான் உள்ளே வந்து மற்றப் போன்களை எடுத்தேன். தாயில்பட்டி மூடியில் இருந்தவர்களின் வீட்டுக்கு, தெரியலை, ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாருங்க என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டிவிட்டது. நீ அந்தப் பிள்ளை சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் வைக்கவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. அம்மாவின் பிள்ளைதான் இவன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அதை அப்போதே வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். இந்த வீட்டு ஆம்பளைகளுக்கு நல்ல வார்த்தை மட்டும் தொண்டையைத் தாண்டி வராது.

சாயங்காலம் ஏழாயிரம்பண்ணை வேன் வந்தது. எல்லாரும் இறங்கினார்கள், முத்துமாரி இறங்கவில்லை. வழக்கமாக அவளோடு போகிறவள்தான் சொன்னாள்: “அவளைக் காலையில தாயில்பட்டி வேன்ல ஏத்திவிட்டாகள்ல மாமா. அங்கன ஆள் கொறையுது, ஆர்டர் கெடக்குன்னு ஏஜெண்டு கூப்பிட்டாரு.” அது அடிக்கடி நடக்கிறதுதான். வேன் கிளம்புகிற நேரத்தில் அங்கே ஒரு ஆள், இங்கே ஒரு ஆள் என்று மாற்றி ஏற்றுவார்கள். அவள் வழக்கம்போல வந்து வழக்கமான மூடியில் போனைப் போட்டுவிட்டுப் போன பிறகு மாற்றியிருக்கிறார்கள். நான் யாருக்கோ உள்பாவாடைத் துணி கிழித்துக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை. ஹரிணி சாப்பிட்ட கையோடு ஓடிப்போய், அம்மா நல்லா இருக்காகளாம், கடை மாமா சொன்னாக என்று தெருவுக்கே சொல்லியிருக்கிறாள். அதனால் அந்த வீட்டிலிருந்து ஒருவரும் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. அவள் மத்தியானத்திலிருந்து வெந்த கையும் கழுத்துமாக அங்கே கிடந்து, எங்க ஆளுக வந்துட்டாகளா, வந்துட்டாகளா என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். மதுரைக்குக் கொண்டுபோக ஆம்புலன்சில் ஏற்றுகிற நேரத்தில்தான் அவளுடைய தம்பி போய்ச் சேர்ந்தான்.

அவளை மதுரையில் சேர்த்துவிட்டு அவன் மறுநாள் நேராக நம் கடைக்கு வந்தான். அவனை நீ மறந்திருக்கமாட்டாய். “யாருய்யா சொன்னது? எங்கக்கா அங்கன ஒத்தையில கெடந்திருக்கா. கேக்க நாதியில்லாத மாதிரி கெடந்திருக்கா. நீங்க பாட்டுக்கு நல்லாயிருக்கான்னு சொல்லிட்டீக.” நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நீ எழுந்து நின்று, “நான்தான் சொன்னேன்” என்றாய். அவன் கை ஓங்கினான். நீ விலகவில்லை, அவனும் அடிக்கவில்லை. கையைக் கீழே போட்டுவிட்டுக் கிளிப் போனை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அடித்திருந்தால் உனக்கு இவ்வளவு நாள் பாரம் இருந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. அன்றைக்கே நீ பஸ் ஏறினாய். போய்ட்டு வாரேன் என்றுகூடச் சொல்லவில்லை. உன் அம்மா இருந்திருந்தால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பின்னாலேயே வந்திருப்பாள். நான் கடை வாசலில் நின்று நீ முக்குத் திரும்புகிறதைப் பார்த்தேன், அவ்வளவுதான் செய்தேன்.

அதற்குப் பிறகு ஒருத்தியும் போன் வைக்கவில்லை. சண்டை என்று ஒன்றும் இல்லை. எப்போதும் போலச் சேலை எடுத்தார்கள், சிரித்தார்கள். “வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டோம் மாமா” என்று மட்டும் சொன்னார்கள். நான் மூடிகளை எடுத்துப்போட மனமில்லாமல் மேசையிலேயே வைத்திருந்தேன். தெருக் குழாயில் தண்ணீர் வந்தால்கூட அடுத்த தெருவிலிருந்து எனக்குக் கேட்கும், கடைக்குள் அப்படி ஓர் அமைதி. சில நேரம் போன் அடிக்கிற மாதிரி இருக்கும், கையை நீட்டிவிட்டுத்தான் ஒன்றும் இல்லை என்று தெரியும். நீ அங்கே அடிக்கிற போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய், நான் இங்கே அடிக்காத போனுக்குக் கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அத்தாவுக்கும் மகனுக்கும் ஒரே சீக்குத்தான். வீட்டுக்குப் போனாலும் அதேதான். ஒருத்தனுக்கு உலை வைப்பதில் என்ன இருக்கிறது, காலையில் ஆக்கியதே மூன்று வேளைக்கும் போதும். அழுகை வந்த நாளும் உண்டு, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

நடுவில் ஒரு தடவை மதுரைக்குப் போனேன். தீக்காயம் பட்டவர்களுக்கு மேலே போடுவதற்கு மெல்லிய பருத்தித் துணிதான் ஒத்துக்கொள்ளும். கடையில் இருந்த மல் துணியை எடுத்து, கஞ்சி போகும்வரை துவைத்துத் துவைத்து, வெந்நீரில் போட்டு எடுத்து வெயிலில் காயவைத்து, பழைய வேட்டி மாதிரி பதமாக்கிக் கொண்டுபோனேன். வார்டு வாசலில் அவளுடைய தம்பி நின்றான். உள்ளே விடவில்லை, நானும் கேட்கவில்லை. பையை நீட்டினேன். துணியை விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தான். பிறகு வாங்கிக்கொண்டு உள்ளே போனான். நான் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தேன். போனதற்கு ஏதாவது பலன் இருந்ததா என்று கேட்டால், தெரியாது. துணி மெத்தென்று இருந்தது, அது மட்டும் நிச்சயம்.

இப்போது, உனக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணத்தைச் சொல்கிறேன். போன வாரம் காலையில் இரண்டு வேனும் நின்றுகொண்டிருந்தபோது முத்துமாரி கடைக்கு வந்தாள். உயிர் பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டிருந்தேன், நேரில் பார்க்கவில்லை. வலது கை விரல்கள் முழுக்க மடங்கவில்லை. கழுத்தில் தோல் இழுத்துப் பிடித்திருக்கிறது, திரும்பிப் பார்ப்பதற்கு உடம்பையே திருப்ப வேண்டியிருக்கிறது. இனி எந்தக் கம்பெனிக்கும் அவள் போகப் போவதில்லை, ஊருக்கே அது தெரியும். வேனில் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அவள் இடது கையால் கிளிப் போனை இடுப்பிலிருந்து எடுத்து, “நான் ரெண்டு வேன்லயும் போகலை. எந்த மூடில போடட்டும் மாமா?” என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. “வீட்டுல இருந்தா ஆளாளுக்குப் போன் போட்டு, எப்படி இருக்க, வலி இருக்கா, கம்பெனிக்காரன் வந்தானான்னு கேக்காக. பதில் சொல்லி மாளலை. நீங்களே சொல்லீருங்க. சாயங்காலம் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்து வாங்கிக்கிடுவா” என்று ஏழாயிரம்பண்ணை மூடியில் போட்டாள். வேனுக்குக் கேட்கிற மாதிரிச் சத்தமாகத்தான் சொன்னாள். அவளுக்குப் பதில் சொல்லி மாளவில்லை என்பதை நான் நம்பவில்லை. எண்ணெய் ஊற்றியது தான்தான் என்று கடைசிவரைக்கும் ஒப்புக்கொள்ளாதவள் அவள்.

வேன்கள் போன பிறகு ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். “அந்தத் தம்பி எங்க?” என்றாள். நீ போனை எடுப்பதில்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். டீயைக் குடித்து முடித்தாள். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன், நான் ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. “அந்தத் தம்பி சொன்னது தப்புத்தான் மாமா, இல்லைன்னு சொல்லமாட்டேன். எங்க ஆளுக ஒருத்தராச்சும் வந்திருந்தா எனக்குத் தெம்பா இருந்திருக்கும். அதை நெனைச்சா இன்னைக்கும் கோவம் வருது. ஆனா அங்கன கெடக்கையில எனக்கு என்ன நெனப்புங்கீக? வெடிச் சத்தத்தைக் கேட்டுட்டு இவ வீட்டுல ஒத்தையில நடுங்கிக்கிட்டு இருப்பாளேன்னுதான். பெறகுதான் சொன்னாக, அவ தயிர் ஊத்திச் சாப்பிட்டுட்டுத் தூங்கிட்டான்னு. ரெண்டும் நடந்துச்சுல்ல. ஒண்ணை வச்சிக்கிட்டு ஒண்ணை எப்படித் தள்ளுறது?” என்று சொல்லிவிட்டு, டம்ளரைக் கழுவப் போனாள். இந்தக் கையோடு கழுவ வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

நான் உன்னை மன்னிக்கச் சொல்லி யாரிடமும் கெஞ்சவில்லை. அவள் தம்பி இன்னும் நம் கடை வாசலைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போகிறான். அவன் கோபம் நியாயமானது, அது இருக்கட்டும். உனக்கு நான் சொல்ல நினைப்பது கொஞ்சம்தான். நீ தெரியாததைத் தெரியும் என்று சொன்னாய். மூடியை நம்பிச் சொன்னாய், அந்த மூடியை வைத்தவன் நான், நான் அங்கே இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அது ஒரு பக்கம். பயந்துபோன பிள்ளைக்குச் சோறு இறங்கும் வரை போனை வைக்காமல் இருந்தாய். அது இன்னொரு பக்கம். முதலில் சொன்னதற்குத் தண்டனையாக இரண்டாவதையும் நீ விட்டுவிட்டாய். இனி யாருக்கும் பதில் சொல்லமாட்டேன், அப்போது தப்பே வராது என்று இருந்துகொண்டாய். தப்பு வராதுதான் தம்பி. கூப்பிட்ட பிள்ளை காய்ச்சலோடு பள்ளி வாசலில் உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். நான் இப்போது மாற்றிக்கொண்டேன். மூடியை ஒன்றாக்கிவிட்டேன். வேன் எது, ஊர் எது என்று யார் கேட்டாலும், எனக்குத் தெரியாது, நான் கடையில்தான் இருக்கேன், தெரிஞ்சதும் கூப்பிடுதேன் என்று சொல்கிறேன். அப்படிச் சொன்னாலும் அவர்கள் உடனே வைப்பதில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கிறார்கள், நானும் இருக்கிறேன். அன்புக்கு நிறைய விவரம் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்பதை இந்த வயதில்தான் கற்றுக்கொள்கிறேன். நீ சீக்கிரமே கற்றுக்கொண்டால் உன் மகளுக்கு நல்லது.

முத்துமாரி வைத்துவிட்டுப் போன மறுநாள் இன்னும் இரண்டு பேர் போன் வைத்தார்கள். மற்றவர்கள் வைக்கவில்லை, வைக்காமலே போகலாம். கிளிப் போனுக்கு ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பேர்தான் கூப்பிடுகிறார்கள். நல்லா இருக்கா, காலையில இட்லி சாப்பிட்டா, வந்து பாருங்க என்று சொல்கிறேன். ஹரிணி இப்போது இரண்டாம் வகுப்பு. பள்ளி விட்டு நேராகப் பையோடு வந்து போனை வாங்கிக்கொண்டு போகிறாள். நேற்று வாங்கியவள் போகாமல் நின்றாள். “அன்னைக்கு என்கிட்ட லைன்ல இருந்தாகல்ல, அந்த மாமா எப்ப வருவாக?” என்று கேட்டாள். என்ன வேணும், எதுக்குத் தேடுத என்றேன். “சும்மா” என்றாள். கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

அதனால்தான் கேட்கிறேன். என் போனுக்கு நீ போட வேண்டாம், என்ன பேசுவது என்று உனக்கும் கூச்சமாக இருக்கும், எனக்கும் இருக்கும். கிளிப் போனின் எண்ணை மருமகளிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். ஒரே ஒரு நாள் அதற்குப் போடு. அந்தப் பிள்ளை சும்மா பேசட்டும், நீயும் சும்மா கேள். சாப்பிட்டயா என்று ஆரம்பித்தால் போதும், மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள். ஹரிணியின் பள்ளி விடும் நேரத்தையும் மருமகளிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் நீ கொஞ்சம் முன்னாலேயே போடு தம்பி. அவள் வந்து சேரும் வரைக்கும் போன் என் கையில்தான் இருக்கும்.

அத்தா